எங்கட வேலையை இன்னொராள் பாக்கத் தொடங்கினால் என்ன செய்தனீங்கள்? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

கோண்டாவில், கணக்கு வேலை:

டவுனில ஒரு கட்டடச் சாமான் மொத்தக் கடையில கணக்குப் பாக்கிறன். சம்பளப் பட்டோலை, சேமலாப நிதி (வேலை செய்யிற ஆக்களின்ர பேரில மாதாமாதம் சேர்க்கிற காசு), கொழும்புக் கொம்பனிகளுக்குக் குடுக்க வேண்டிய காசு எல்லாம் என்ர கையாலதான் போகும். பிள்ளை பிறந்து, லீவு முடிஞ்சு திரும்பிப் போக, என்ர மேசையில வேற ஒரு தம்பி இருக்கிறார். லீவில நிக்கேக்க ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. முதலாளி சிரிச்ச முகத்தோட, "பிள்ளை, கைக்குழந்தையோட உமக்கு ஏன் இந்தக் கரைச்சல்? கொஞ்சக் காலம் ஆறுதலா இரும், தம்பி பாப்பார்" எண்டார். எனக்குத் தந்தது ரெலிபோன் எடுக்கிறதும் பில் அடுக்கிறதும்.

அன்பாச் சொல்லி எடுக்கிறதுதான் பொல்லாதது. கோவிச்சால் நன்றி இல்லாதவள் எண்டாகிப் போகும். பேசாமல் இருந்தால் மேசை போனது போனதுதான்.

சேமலாப நிதி பாத்த ஆக்களுக்கு விளங்கும். ஊழியரிட்ட 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், எல்லாம் அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள்ள போய்ச் சேர வேணும். அதைவிட அங்க வேலை செய்யிற பெடியளின்ர அடையாள அட்டைக் கூத்து இருக்கு. ஒருத்தருக்குப் பழைய இலக்கம், 9 இலக்கமும் ஒரு எழுத்தும். இன்னொருத்தருக்குப் புதுசு, 12 இலக்கம். சிலருக்கு நியமனக் கடிதத்தில ஒண்டு, கையில இன்னொண்டு. பிழையாப் போனால் பிறகு காசு எடுக்கப் போகேக்க அந்தப் பெடியன்தான் அலைய வேணும். ஆருக்கு எது எண்டு ஒரு கொப்பியின்ர ஓரத்தில பென்சிலால எழுதி வைச்சிருந்தனான். லாச்சியைத் திறந்து பாத்தால் கொப்பி இல்லை. தம்பியிட்டக் கேட்டன். "அக்கா, அது தேவையான கொப்பி எண்டு தெரியாது" எண்டு அலுமாரிக்கு மேல இருந்து தூசி தட்டி எடுத்துத் தந்தார். அவரில எனக்குக் கோவம் வரேல்லை. அவருக்கும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லி விடேல்லை.

மாதக் கடைசி அமளி முடியட்டும் எண்டு பொறுத்து, முதலாளியிட்டத் தனியப் போய், "ஐயா, தம்பி நிக்கட்டும். எனக்கு எந்தெந்த வேலை எண்டு மட்டும் சொல்லுங்கோ" எண்டன். "பாப்பம்" எண்டார். சேமலாப நிதி திரும்பி வந்திட்டுது, ஏனெண்டால் பெடியள் என்னட்டத்தான் வந்து கேக்கிறவை. கொழும்புக் கணக்கு வரேல்லை. அங்க இருந்து இப்பவும் என்ர போனுக்குத்தான் எடுக்கினம். "தம்பியோட கதையுங்கோ" எண்டு சொல்லேக்க தொண்டை அடைக்குது. உங்களுக்கு இப்பிடி வந்திருந்தால் சொல்லுங்கோ.

கொக்குவில், கொம்பியூட்டர் வேலை:

எனக்கு அந்தளவு மரியாதையும் கிடைக்கேல்லை அக்கா. வெளிநாட்டில இருக்கிற ஒருத்தர் இங்க நடத்தின சின்ன நிறுவனம். ஒருநாள் விடிய எழும்பிப் பாத்தால் வட்ஸ்அப் குழுவில நான் இல்லை, பாஸ்வேர்டும் வேலை செய்யேல்லை. பின்னேரம்தான் சொல்லிச்சினம், அந்த வேலையை இனி வேறொராள் பாப்பார் எண்டு. நான் வேற இடம் தேடிப் போயிட்டன். பொறுத்திருக்கிறது எல்லாருக்கும் சரிவராது. சொல்லாமல் எடுத்த இடத்தில அடுத்ததையும் சொல்லாமல்தான் எடுப்பினம்.

சாவகச்சேரி, ஓய்வுபெற்ற முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர்:

பிள்ளை, கந்தோரில நாங்கள் இடமாற்றத்தோட சீவிச்ச ஆக்கள். சப்ஜெக்ட், அதாவது ஒராளின்ர பொறுப்பில இருக்கிற வேலை, கைமாறாத வருசமே இல்லை. ஆனா பாரம் குடுக்கேக்க எந்தக் கோவை, எதில என்ன நிலுவை, எந்த அலுமாரித் திறப்பு எண்டு எழுதி ரெண்டு பேரும் ஒப்பம் வைப்பம். நோகாது எண்டில்லை. ஆனா எடுத்தது ஆர், எப்ப எடுத்தது எண்டதில மறைவு இல்லை. உங்களுக்கு நடந்ததில பெரிய குறை அதுதான்.

ஓய்வு வயதை 60 ஆக்கினதால 2022 டிசம்பர் 31 ஓட 60 தாண்டின நாங்கள் எல்லாரும் ஒரேயடியா வெளிக்கிட்டம். எங்கட கிளையில என்ர சப்ஜெக்டோட வேற ஆக்களின்ரையும் சேர்த்து ஒரு பிள்ளையின்ர தலையில விழுந்துது. எந்தக் கோவைக்கு உடனே மறுமொழி போக வேணும், எது சும்மா கிடக்கலாம் எண்டு துண்டு எழுதி ஒவ்வொண்டிலயும் ஒட்டிக் குடுத்தன். ஜனவரியிலயும் போய்ப் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுத்தன். ஓய்வு எடுத்தவன் பழைய கந்தோர்ப் படி ஏறக் கூடாது எண்டு சில பேர் சொல்லுவினம். அதை நான் ஏற்கிறதில்லை. சனத்தின்ர அலுவல் இழுபடக் கூடாது.

உங்கட விசயத்துக்கு வாறன். கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் 1954 இல வந்தது. நியமன விபரம் எழுத்தில குடுக்க வேணும் எண்டு அதில இருக்கு. கர்ப்பம், பிரசவம் எண்ட காரணத்துக்காக வேலையால நிப்பாட்டவும் ஏலாது. 84 நாள் பிரசவ லீவை மூன்றாம் பிள்ளைக்கும் எண்டு 2018 இல திருத்தினவை. ஆனா உங்களை நிப்பாட்டேல்லை, வேலையைத்தான் மாத்தினது எண்டு முதலாளி சொல்லலாம். அதால தொழில் திணைக்களத்துக்கு ஓட முதல் ஒரு கடிதம் குடுங்கோ. "லீவுக்கு முன்னர் நான் பார்த்த வேலைகள் இவை. இப்போது எனக்குரியவை எவை என எழுத்தில் அறியத் தரவும்." இவ்வளவும் காணும். ஏன் எடுத்தனீங்கள் எண்டு கேக்காதேங்கோ. கேட்டால் அவர் இருந்து ஒரு காரணம் தேடுவார், அது உங்களைக் குறை சொல்லுற காரணமாத்தான் இருக்கும். கடிதத்தின்ர பிரதியில திகதி போட்டு, கிடைச்சதெண்டு ஒப்பமும் வாங்கி வைச்சிருங்கோ.

நெல்லியடி, ஆசிரியை:

ஐயா சொன்ன கடிதம் நானும் குடுத்தனான், அதிபருக்கு. பதினோராம் வகுப்புக் கணிதம் கனகாலமா என்னட்ட இருந்தது. புதுசா ஒரு ரீச்சர் வர, அதை அவவுக்குக் குடுத்து எனக்கு ஆறாம் வகுப்பைத் தந்தினம். நேர அட்டவணையைச் சுவரில ஒட்டின பிறகுதான் எனக்குத் தெரியும். அதைவிடச் சுட்டது சந்தையில தாய்மார் மறிச்சு, "ஏன் ரீச்சர் எங்கட பிள்ளையளை விட்டிட்டீங்கள்?" எண்டு கேட்டது. நான் விடேல்லை எண்டு மரக்கறிக் கூடையோட நிண்டு எத்தினை பேருக்குச் சொல்லுறது?

என்ர நோட்ஸை அவவுக்குக் குடுக்கிறதோ இல்லையோ எண்டு வீட்டில பெரிய வாக்குவாதம். இவர் குடுக்காதே எண்டார். நான் நோட்ஸ் குடுக்கேல்லை. கேத்திரகணித நிறுவலை அவ என்னைவிட வடிவாச் செய்வா, படிச்ச பிள்ளை. நான் குடுத்தது வேற ஒண்டு. ஒரு தாளில பிள்ளையளைப் பற்றி எழுதினன். இவனுக்குக் கண் தெரியாது, கேட்டால் தெரியும் எண்டுதான் சொல்லுவான், முன்னுக்கு இருத்துங்கோ. இவள் பின்னேரம் தாயோட இடியப்பம் அவிக்கிறவள், வீட்டுவேலை செய்யாட்டி வகுப்புக்கு முன்னால ஏசாதேங்கோ. இவனுக்கு விடை தெரியும், கை உயர்த்த மாட்டான். வாசிச்சுப்போட்டு அவ என்ர கையைப் பிடிச்சா. ஓ.எல் சோதினைக்கு இருக்கிற காலத்துக்குள்ள இதுகளை அவ தானாக் கண்டுபிடிக்கிறதெண்டால் பாதி வருசம் போயிருக்கும்.

ஆறாம் வகுப்பில பின்னம் விளங்காமல் வாற பிள்ளையளைக் கண்டு பாடுபடுறன், அதுவும் தேவையான வேலைதான். அதுக்காக ஆறாம் வகுப்போட மனம் ஆறிப்போச்சு எண்டு எழுத மாட்டன். எனக்குப் பதினொண்டு வேணும். அடுத்த வருசத்துக்குத் தரச் சொல்லித்தான் கடிதம். இன்னும் மறுமொழி இல்லை, திரும்பவும் குடுப்பன்.

கோண்டாவில், கணக்கு வேலை:

ரீச்சர், அந்தத் தாள் விசயத்தை வாசிச்சு அழுதிட்டன். ஐயா, கடிதம் எழுதிட்டன், திங்கள் குடுக்கிறன்.

சுன்னாகம், பாமசி:

நான் மற்றப் பக்கத்து ஆள், வேலையை எடுத்தவன். எங்கட பாமசியில மருந்து ஓடர் பண்ணினது வயசான ஒரு அண்ணை. கொம்பியூட்டர் பில் வந்தவுடன முதலாளி ஓடரை என்னட்டத் தந்திட்டார். அண்ணையைக் கவுண்டரில விட்டார். அண்ணை ஒண்டும் சொல்லேல்லை. வழமை மாதிரி வந்து, ஒவ்வொரு பெட்டியின்ர விளிம்பிலயும் காலாவதித் திகதியைச் சிவப்புப் பேனையால பெரிசா எழுதி, கிட்டின திகதியை முன்னுக்கு வைச்சார். அது அவற்ர வேலை இல்லை எண்டு முதலாளி சொன்ன பிறகும் எழுதினார்.

கிளினிக் நாளுக்கு முதல் நாள் எந்தப் பிரஷர்க் குளிசை கூடப் போகும், மழை தொடங்கினால் பிள்ளையளின்ர பாணியில எது முதல் முடியும் எண்டதெல்லாம் கொம்பியூட்டரில இல்லை, அண்ணையிட்ட இருக்கு. நான் முதலாளியிட்டப் போய், "அண்ணையைக் கேக்காமல் நான் ஓடர் போட மாட்டன், பிழைச்சால் மருந்தில்லாமல் சனம் திரும்பிப் போகும்" எண்டன். முதலில அவருக்குப் பிடிக்கேல்லை. கொக்குவில் தம்பி சொல்லுறது சரி, எல்லா முதலாளியும் கேக்க மாட்டினம். இவர் கேட்டார். இப்ப ஓடர்த் தாளில ரெண்டு ஒப்பத்துக்கு இடம் இருக்கு. மேல அண்ணை வைப்பார், கீழ நான்.