கேபினெட்டுக்கு அடர் பழுப்பு அடித்தவர்கள் வாருங்கள், என் கதை இது

17 கதவு, 6 டிராயர், முழுசாக ஒரு மாதம். மங்கிப்போன வெள்ளையில் இருந்த சமையலறை கேபினெட்டை ஒருவழியாக அடர் பழுப்புக்கு மாற்றிவிட்டேன். கன்னங்கரேல் என்று இல்லை, சாம்பல் கொஞ்சம் கலந்த பழுப்பு, வார்ம் நியூட்ரல் என்பார்களே அந்த ரகம், மழையில் நனைந்த மரப்பட்டை மாதிரி. இப்போது பார்க்க எனக்கே பிடித்திருக்கிறது. ஆனால் இடையில் இரண்டு முறை, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு எங்காவது போய்விடலாமா என்று இருந்தது.

கோட்டை விட்டது முதல் கோட் அடிப்பதற்கு முன்பே. நிற அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் இருக்கும் இல்லையா, அதை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துவிட்டு ஆஹா இதுதான் என்று டின்னை வாங்கிவிட்டேன். பகலில் அடித்தபோது அழகாகத்தான் இருந்தது. ராத்திரி விளக்கைப் போட்டால் கதவு கத்தரிப்பூ நிறத்தில் நிற்கிறது! இந்த மாதிரி நிறங்களுக்கு அடியில் ஏதாவது ஒரு சாயல் ஒளிந்திருக்குமாம். சிலதில் பச்சை, சிலதில் ரோஸ், என் தலையெழுத்து ஊதா. எங்கள் விளக்கு 6500 கெல்வின், நீலம் தூக்கலான வெள்ளை. அந்த வெளிச்சத்தில் பழுப்பின் மஞ்சள் அடங்கிவிடுகிறது, ஊதா தலைதூக்குகிறது. அடுத்த முறை உஷாராகி, சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவைக் கழற்றி அதன் உட்பக்கத்தில் மூன்று சாம்பிளை உள்ளங்கை அகலத்துக்கு இரண்டிரண்டு கோட் அடித்து, அடுப்புப் பக்கம் நிறுத்தி வைத்து, காலை மதியம் ராத்திரி என்று மூன்று நாள் பார்த்தேன். மஞ்சள் சாயல் உள்ளது ஜெயித்தது. விளக்கையும் மஞ்சள் வெளிச்சம் தருகிற 3000 கெல்வினுக்கு மாற்றினேன்.

இரண்டாவது பாடு, எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணீரில் துடைத்து, உப்புத்தாள் போட்டு, தூசி தட்டித்தான் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு, அடித்தேன். ஆனால் கைப்பிடியைச் சுற்றி, வருஷக்கணக்காக விரல் பட்ட இடத்தில் மட்டும், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி பிரைமர் விலகி விலகி ஓடுகிறது, நடுவில் குட்டிக் குட்டிக் குழி. பிசுக்கை எடுக்காமல் தேய்த்தால் அதை நாமே மரத்துக்குள் தேய்த்து விட்டமாதிரி ஆகிவிடுகிறது. இப்படி ஆன ஆறு கதவையும் சுரண்டி, பிசுக்கெடுக்கும் திரவத்தால் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடைத்து, காயவிட்டு, அதன் பிறகுதான் 150 நம்பர் உப்புத்தாள். கோட்டுக்குக் கோட் நடுவே 220. வேலையில் முக்கால்வாசி இதுதான், பெயிண்ட் அடிப்பது கடைசியில் வருகிற சின்ன சந்தோஷம்.

மூன்றாவது என் அவசரம். தொட்டுப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது, சரி என்று இரண்டாம் நாளே கதவை எல்லாம் மாட்டிவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு கதவைத் திறந்தால் 'பட்' என்று சத்தம், ஃபிரேமில் ஒட்டியிருந்த பெயிண்ட் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்து வந்துவிட்டது. காய்வது வேறு, இறுகுவது வேறு. அடர் நிறத்தில் சாயம் அதிகம் சேர்ப்பதால் இறுக இன்னும் நாளாகும், முழுசாகக் கெட்டிப்பட மூன்று நான்கு வாரம்கூட எடுக்கும். டின் மேலேயே போட்டிருந்தது, யார் படிக்கிறார்கள்! இதே வேலையில் கை வைத்தவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள்.

---

எனக்கு நிறத்தில் பிரச்சினையே வரவில்லை, பளபளப்பில்தான் வந்தது. அடர் நிறம் பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷில் வெல்வெட் மாதிரி இருக்கிறதே என்று ஆசைப்பட்டு மேட் அடித்தேன். ஒரே வாரத்தில் கதவெல்லாம் கைரேகைக் கூடம். துடைத்தால் ரேகை போகிறது, தேய்த்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பிக்கிறது, பக்கவாட்டில் நின்று பார்த்தால் துணி போன பாதை முழுக்கத் தெரியும். கடைசியில் லேசாகத் தேய்த்துவிட்டு லேசான பளபளப்புள்ள சாட்டின் ஃபினிஷில் இன்னொரு கோட் போட்டேன், இப்போது நிம்மதி. இன்னொன்று, அடர் நிறத்தில் அழுக்கு தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணெய்க்கறை தெரியாது, உண்மைதான். ஆனால் மாவு, தூசி, காய்ந்த தண்ணீர்ப் பொட்டு எல்லாம் வெள்ளையில் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். பிரைமரையும் வெள்ளையாக விடாமல் சாம்பல் சாயம் கலந்து வாங்குங்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் இடித்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பல்லைக் காட்டுகிறது.

---

என்னுடையது மரம் இல்லை, எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேல் பிளாஸ்டிக் ஃபாயில் ஒட்டிய கதவு. அடுப்புக்குப் பக்கத்தில் ஃபாயில் ஏற்கெனவே கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது, பெயிண்ட் அடித்தால் அமுங்கிவிடும் என்று நினைத்தேன். மூன்றே மாதத்தில் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வந்தது. தூக்கிக்கொண்டிருக்கும் ஃபாயிலை முழுசாக உரித்துவிட்டு, எம்டிஎஃப் விளிம்பை பிரைமரால் இரண்டு தடவை அடைத்துவிட்டு அடியுங்கள், அந்த விளிம்பு பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

---

நல்ல தகவல். உங்கள் சமையலறை இருட்டாகிவிடவில்லையா? எங்களுக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுதான் பயம். உள்பக்கமும் அடித்தீர்களா?

---

முதலில் எழுதியவன்தான். இருட்டு கொஞ்சம் கூடியது உண்மை, பொய் சொல்ல மாட்டேன். நிற அட்டையின் பின்பக்கம் எல்ஆர்வி என்று ஒரு எண் இருக்கும், வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதற்கு. 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. நான் எடுத்தது 11. அதனால் கீழ் கேபினெட்டுகளை முடித்துவிட்டு ஒரு வாரம் அப்படியே விட்டுப் பார்த்து, பிறகுதான் மேலே கை வைத்தேன். மேல் வரிசைக்கு அடியில் எல்ஈடி பட்டையும் ஒட்டியிருக்கிறேன். ஒரே ஜன்னல் என்றால் நீங்கள் கீழ் வரிசையோடு நிறுத்திவிடுங்கள், மேலே சுவர் நிறத்தோடு போகட்டும்.

உள்பக்கம் தொடவே இல்லை, வெள்ளையாகவே இருக்கிறது. கறுப்பு மூடியை இருட்டுக்குள் யார் தேடுவது? சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவின் உட்பக்கம் அந்த மூன்று சாம்பிளும் அப்படியே இருக்கின்றன, குனிகிறபோதெல்லாம் அந்த ஊதா என்னைப் பார்க்கிறது.