லிபெர்த்தோ: ‘விடுதலை பெற்ற அடிமை’ பொருந்தாது

நண்பர்களே, வணக்கம்.

தென் அமெரிக்காவில் ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஆந்தீஸ் படையின் கறுப்பின இசைக்கலைஞர்கள் பற்றிய கட்டுரைக்கு ‘லிபெர்த்தோ’ என்ற ஸ்பானியச் சொல்லை ‘விடுதலை பெற்ற அடிமை’ என்று போடலாம் என நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அகராதிப்படி சரி. ஆனால் ‘பெற்ற’ என்றாலே காரியம் முடிந்துவிட்டது என்று ஆகிறது, இவர்களுக்கு அது முடியவில்லை. 1813இல் புவனோஸ் ஐரிஸ் (இன்றைய அர்ஜென்டினாவின் தலைநகர்) அரசு உடைமையாளர்களுக்குப் பணம் கொடுத்து அடிமைகளைப் படைக்கு எடுக்கத் தொடங்கியது. படையில் சேர்ந்ததும் அவர் லிபெர்த்தோ, ஆனால் சேவைக் காலம் முடியும்வரை விலக முடியாது, அதுவரை உயிரோடு இருந்தால்தான் ‘லிப்ரே’, அதாவது முழு விடுதலை. 1817 ஜனவரியில் ஆந்தீஸ் படையின் தளபதி சான் மார்ட்டின் ஆந்தீஸ் மலை தாண்டி சிலிக்குக் கூட்டிப்போன படையில் 7, 8ஆம் பட்டாளங்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

அப்படி எடுத்ததற்கு ‘ரெஸ்காத்தே’ என்று பெயர், அடகு மீட்பது மாதிரி. படியாள், பண்ணையாள் வரிசையில் ‘மீட்பாள்’ என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியத்தில் வைத்ததும் யாரோ ஒரு பெண் எதையோ மீட்கப்போகிறாள் என்று படிக்கிறது. ‘ஒப்பந்த வீரர்’ வேண்டவே வேண்டாம். பேரம் உடைமையாளருக்கும் அரசுக்கும் இடையில் நடந்தது, இவரை யாரும் கேட்கவில்லை. ‘விடுதலையாளர்’ என்றால் விடுதலை கொடுத்தவர் என்றாகிவிடும், அது சான் மார்ட்டினுக்குப் போகும் பட்டம்.

என் பரிந்துரை: ‘தவணை விடுதலையர்’. கடன் வாசனை அடிக்கிறது என்பீர்கள். அடிக்கட்டும், அவர்கள் உடம்பால் அடைத்த கடன்தான் அது.

அப்புறம், அர்ஜென்டினாவின் மெந்தோசா ஊர்ப் பண்ணையார் ரஃபாயேல் வர்காஸ் விஷயம். தன் அடிமைகளில் 16 பேரைப் புவனோஸ் ஐரிசுக்கு அனுப்பிக் காற்று வாத்தியங்கள் கற்க வைத்தார், 1816இல் வாத்தியமும் சீருடையும் ஆளுமாகச் சேர்த்து சான் மார்ட்டின் படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். கற்றுக்கொண்டிருந்த அந்த நாட்களுக்கு ‘அடிமைப்படுத்தப்பட்ட இசைக்கலைஞர்’ என்றே எழுத வேண்டும், நீளம்தான், ஆனாலும் ‘அடிமை இசைக்கலைஞர்’ என்றால் பிறவியே அப்படி என்பதுபோல் ஒலிக்கிறது.

‘பேண்டு’ என்ற சொல் அப்படியே இருக்கட்டும், எல்லோருக்கும் புரியும். சான் மார்ட்டின் படையோடு சிலியின் தலைநகர் சாந்தியாகோவுக்கு இரண்டு பேண்டுகள் வந்தன, மேலானது 8ஆம் பட்டாளத்துடையது, அத்தனை பேரும் கறுப்பர்கள், துருக்கிய பாணி உடை. 1817 பிப்ரவரியில் ஓ’ஹிகின்ஸ் சிலியின் ஆட்சித் தலைவராக அறிவிக்கப்பட்டபோது வாசித்தவர்கள் இவர்கள். அப்போது பதினான்கு பதினைந்து வயதுப் பையனாக அதைக் கேட்ட ஹொசே சப்பியோலா, பின்னாளில் சிலியின் பெரிய இசையமைப்பாளர், சொர்க்கத்தில் இருப்பதாகவே நினைத்தோம் என்ற பொருளில் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். வாசித்தவர்களின் தவணை அன்றைக்கு முடிந்திருக்கவில்லை. ‘விடுதலை பெற்ற’ என்று அந்த இடத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.

‘விடுதலையர்’ என்ற விகுதி ஒட்டவில்லை என்றால் வேறு சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். ‘தவணை’யை மட்டும் விட்டுவிட வேண்டாம்.