ஹோஸ்டாவின் இரண்டு நிற இலைக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். நிழல் தோட்டக் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும். இலை அழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டாச் செடியின் ‘வேரியகேட்டட்’ வகையில் சிக்கி நிற்கிறேன். பச்சை இலைக்கு வெள்ளையோ மஞ்சளோ ஓரம் கட்டியிருக்கும். சிலவற்றில் நடுப்பகுதி வெளுத்து ஓரம் பச்சையாக இருக்கும். ‘பலவண்ண’ என்றால் பூவைச் சொல்வதாக நினைப்பார்கள். நல்ல சொல் தாருங்கள்.

தமிழாசிரியர்:
புகரிலை. சங்கப் பாடல்களில் வரும் புகர்முக யானையை நினையுங்கள். முகத்தில் நிறம் விட்டுப்போன புள்ளிகளைத்தான் புகர் என்றார்கள். பொருள் அப்படியே பொருந்துகிறது.

தோட்டக்காரர்:
ஐயா, புகருக்குச் சுக்கிரன் என்றும் பொருள், குற்றம் என்றும் பொருள். படிக்கப்போகிறவர் கையில் மண்வெட்டி இருக்கும், நிகண்டு இருக்காது. வரியிலை போதும். வரிப்புலி எல்லோருக்கும் தெரியும்.

தாவரவியல் ஆசிரியை:
வரி வேண்டாம். ஹோஸ்டா ஒருவித்திலைத் தாவரம். முழுப்பச்சை இலையிலும் நரம்புகள் வரிவரியாகத்தான் ஓடும்.

தமிழாசிரியர்:
அப்படியானால் வெளிறு? ஓரவெளிறு, நடுவெளிறு என்று பிரித்தும் சொல்லலாம். குறள் 503இல் வெளிறு அறியாமை. மரத்தில் வயிரம் பாயாததும் வெளிறு. வயிரத்துக்குக் காழ் என்றும் பெயர். காழ் என்றதும் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வருகிறது: வயிரம் வெளியே இருந்தால் (புறக்காழ்) புல், உள்ளே இருந்தால் (அகக்காழ்) மரம். ஹோஸ்டாவை எதில் சேர்ப்பது?

தாவரவியல் ஆசிரியை:
காழ் பற்றிப் பிறகு பேசுவோம், ஐயா. ‘இலை வெளிறுகிறது’ என்றால் மாணவர்கள் இரும்புச்சத்துக் குறைவு என்றுதான் எழுதுவார்கள். இது நோயே இல்லை. பச்சையம் உண்டாக்கும் உயிரணு அடுக்கும் உண்டாக்காத அடுக்கும் ஒரே செடியில் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் விதை போட்டால் அதே இலை வருவது அரிது. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். முழுப்பச்சைத் தளிர் கிளம்பினால் அடியோடு எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். நிறக்கலப்பு இலை என்று வைக்கலாமே?

தோட்டக்காரர்:
கலப்பு என்றதும் கலப்பினம் என்று எண்ணிவிடுவார்கள், அம்மா. இருநிற இலை?

மொழிபெயர்ப்பாளர்:
இன்று வெள்ளி. சரி, பொதுவாக ‘இருநிற இலை’, வகை பிரிக்கும் இடத்தில் ‘வெள்ளோர இலை’, ‘மஞ்சளோர இலை’ என்று அனுப்புகிறேன். மூவர் ஒப்புகிறோம்.

தமிழாசிரியர்:
நான் ஒப்பவில்லை. ஒரே இலையில் பச்சை, மஞ்சள், வெள்ளை மூன்றும் வந்தால் என்ன சொல்வீர்கள்? அடிக்குறிப்பிலாவது புகரிலையைப் போடுங்கள்.