காலையில் வீட்டில் காப்பி, பழைய சோறு: உங்கள் வீட்டு முறை என்ன?

பீளமேடு:

வணக்கம். இத்தனை காலம் எனக்குக் காலை 6 மணி ஷிஃப்ட், காப்பியும் டிபனும் மில் கேன்டீனிலேயே முடிந்துவிடும். இப்போது பொது ஷிஃப்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள், 9 மணிக்குப் போனால் போதும். வீட்டில் நானும் அம்மாவும்தான். காலையில் அவசரம் இல்லாமல் இருவரும் உட்கார்ந்து ஒரு நல்ல காப்பி குடிக்க வேண்டும், வயிற்றுக்கு இதமாக ஏதாவது சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. இட்லி, தோசை என்று தினமும் அவர்களை அடுப்படியில் நிற்க வைக்க எனக்கு மனசில்லை, நானே செய்யப் போகிறேன்.

ஃபில்டர் காப்பிக்குத் தூள் எவ்வளவு போடுவது? சிக்கரி கலந்தது வாங்கலாமா, கலக்காதது வாங்கலாமா? சில வீடுகளில் டிகாஷன் கருகருவென்று இறங்குகிறதே, அதற்கு என்ன செய்கிறார்கள்? அப்புறம், அம்மா அடிக்கடி பழைய சோற்றைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் குக்கர் சாதம்தான், அதில் பழையது சரியாக வருமா? உங்கள் வீட்டில் காலையில் விரும்பிச் சாப்பிடுவது, குடிப்பது எது என்றும் எழுதுங்கள். அதிகம் வேலை வைக்காததாக இருந்தால் நல்லது.

ஆடுதுறை:

தம்பி, அம்மாவுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அதற்கே விவரமாக எழுதலாம்.

இரண்டு பேருக்கு மேல் பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டித் தூள், குவித்துப் போடுங்கள். தட்டி லேசாகச் சமப்படுத்தினால் போதும், கட்டை விரலால் அமுக்கினால் இறங்கவே இறங்காது. தூளுக்கு மேலே குடையை (காம்பு வைத்த ஓட்டைத் தட்டை) வைத்துவிட்டு, கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிஷம் விட்டு, முதலில் இரண்டு கரண்டி மட்டும் ஊற்றுங்கள். தூள் நனைந்து உப்பும். அதற்கப்புறம் மீதியை ஊற்றி மூடி போட்டுவிடுங்கள், மொத்தத்தில் 150 மில்லி தண்ணீர் சரியாக இருக்கும். இறங்க 15, 20 நிமிஷம் ஆகும், அதற்குள் பல் தேய்த்துக் குளித்துவிட்டு வந்துவிடலாம். சொட்டுவது நின்றுபோனால் மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வையுங்கள், இரண்டு பாத்திரமும் இறுகப் பொருந்திக் கீழே காற்று அடைத்துக்கொண்டிருக்கும். அடிக்கடி அடைத்தால் ஓட்டைகளில் பழைய தூள் இருக்கிறது என்று அர்த்தம். காலிப் பாத்திரத்தின் அடியை அடுப்புத் தீயில் காட்டிச் சிக்கியிருப்பதை எரித்துவிட்டு, ஆறியதும் தேய்த்துக் கழுவுங்கள்.

முதல் டிகாஷனை எடுத்து வைத்துக்கொண்டு அதே தூளில் இன்னொரு முறை கொஞ்சம் வெந்நீர் ஊற்றினால் இரண்டாம் டிகாஷன் கிடைக்கும். அம்மா இன்னொரு வாய் காப்பி கேட்டால் அதில் முதல் டிகாஷனைக் கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். ஆறிய டிகாஷனை மட்டும் நேராக அடுப்பில் வைக்காதீர்கள், கசந்துவிடும். கொதிக்கிற பாலை ஊற்றினாலே போதிய சூடு வந்துவிடும். பாலும் அப்போதுதான் முதல் கொதி வந்ததாக இருக்க வேண்டும், இரண்டு மூன்று முறை சுட வைத்த பாலில் ஆடையும் பால் வாடையும்தான் முன்னால் நிற்கும், காப்பி மணம் பின்னால் போய்விடும்.

தூளைப் பொறுத்தவரை, வறுத்து அரைத்துத் தரும் கடையில் பிளான்டேஷன் ஏ (அரபிகாவில் பெரிய கொட்டை ரகம்) பாதி, பீபரி (உருண்டையான ஒற்றைக் கொட்டை) பாதி கலந்து, மொத்தத்தில் 20 சதவீதம் சிக்கரி இருக்கும்படி கேளுங்கள். சிக்கரி சேர்ந்தால் நிறமும் கனமும் வரும், பாலை ஊற்றினாலும் டிகாஷன் தாங்கும். பாக்கெட் வாங்கினால் அட்டையைப் படியுங்கள், சிக்கரி 49 சதவீதம் வரை போக சட்டத்தில் இடம் இருக்கிறது. அவ்வளவு சிக்கரி போட்டதில் காப்பி எங்கே இருக்கும்?

ஏற்காடு:

ஆடுதுறை அண்ணன் சொன்ன முறை எல்லாம் சரி, சிக்கரி விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் மலையில் கார்த்திகை, மார்கழியில் பழம் பறிப்போம். சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் விளைந்த கொட்டை அது, அதன் மணத்தை ஒரு வேரை வறுத்துப் போட்டு ஏன் மறைக்க வேண்டும்? கனம் வேண்டுமென்றால் அரபிகாவோடு கொஞ்சம் ரொபஸ்டா கலக்கச் சொல்லுங்கள், பாலுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். சிக்கரி இல்லாத தூளுக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், அது உண்மைதான். அதைவிட முக்கியம், ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். வறுத்து அரைத்து நாளாக ஆக மணம் போய்க்கொண்டே இருக்கும், காற்றுப் புகாத டப்பாவில் வைத்தாலும் இரண்டு வாரம்தான் அந்த மணம் நிற்கும்.

மேலூர்:

நான் பழைய சோற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். குக்கர் சாதத்திலும் வரும், ஆனால் குழைந்து கூழாகிவிடும். பழையதுக்கு வடித்த சோறுதான், அதுவும் புழுங்கலரிசி. வாரத்தில் இரண்டு நாள் ராத்திரிக்குப் புழுங்கலரிசி வடித்துவிடுங்கள், அம்மாவிடம் கேட்டால் பதம் சொல்வார்கள். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் கிடைத்தால் இன்னும் நல்லது, பருக்கை பருக்கையாக நிற்கும்.

மிஞ்சிய சோறு நன்றாக ஆறிய பிறகு, சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கிற அளவு தண்ணீர் ஊற்றுங்கள். மண்சட்டி இருந்தால் மண்சட்டி, இல்லாவிட்டால் எவர்சில்வர், அலுமினியம் மட்டும் வேண்டாம். துணியால் மூடி வையுங்கள், ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ராத்திரி முழுக்க அதில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியா வேலை செய்வதால்தான் அந்த இளம்புளிப்பு வருகிறது, குளிரில் வைத்தால் அந்த வேலை நடக்காது. வெயில் காலத்தில் 8 மணி நேரத்திலேயே புளித்துவிடும். மார்கழியில் முந்தின நாள் நீராகாரத்தில் ஒரு கரண்டி ஊற்றி வையுங்கள், உறைமோராக வேலை செய்யும். வாடை மாறியிருந்தால், நூல் விட்டால், யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

காலையில்தான் உப்பு. தெளிந்த நீராகாரத்தை ஒரு சொம்பில் தனியாக இறுத்து, உப்புப் போட்டு முதலில் அதைக் குடியுங்கள். சோற்றைக் கையால் பிசைந்து மோர் ஊற்றுங்கள். சின்ன வெங்காயத்தைக் கத்தியால் அரியாமல் உள்ளங்கையில் வைத்து ஒரு குத்துக் குத்தி உடைத்துப் போட்டால் அதன் சாறு சோற்றில் இறங்கும், அந்த ருசியே வேறு. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், நேற்றைய மீன் குழம்பைச் சுண்ட வைத்தது, வடுமாங்காய், எது இருந்தாலும் சரி. முழங்கால் வலிக்காரருக்கு அடுப்பே பற்ற வைக்காமல் ஒரு காலைச் சாப்பாடு இதைவிட எது இருக்கிறது?

நெல்லைக்காரி:

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பால் காப்பி ஆகாது, கருப்பட்டிக் காப்பிதான். உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, மண் இருக்கும் என்பதால் கட்டாயம் வடிகட்டுவோம். மறுபடி கொதி வந்ததும் காப்பித்தூளைப் போட்டு அடுப்பை அணைத்து மூடிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் தூள் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்து நிற்பதை அப்படியே ஊற்றிக் குடிக்க வேண்டியதுதான். மழைக்காலம் என்றால் தூளுக்குப் பதில் சுக்கு, மல்லி, மிளகு இடித்துப் போடுவோம். பால் வேண்டும் என்றால் தனியாகக் காய்ச்சி, இறக்கி வைத்த பிறகு சேருங்கள், சேர்த்துக் கொதிக்க வைத்தால் திரிந்துபோகும்.

தை மாதத்தில் வந்தால் பனங்கிழங்கு கிடைக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு நாரை இழுத்துக்கொண்டே தின்பது. கருப்பட்டிக் காப்பியோடு நாங்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அரை மணி நேரமாகும், யாரும் யாரையும் அவசரப்படுத்த மாட்டோம்.

வல்வை:

எங்கட பக்கத்துக் காலையையும் சொல்லுறன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் தேத்தண்ணிதான். பால் போடாத வெறுந்தேத்தண்ணியைக் கடும் சாயமாக ஊற்றி, சீனி போடாமல், ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். இலங்கையிலும் ஒரு காலம் கோப்பித் தோட்டங்கள்தான், 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பிறகுதான் தேயிலை பரவினது என்று படித்திருக்கிறேன். நெல்லைக்காரி அக்கா எழுதியதைப் பார்க்க எனக்கு வீட்டு நினைவுதான், பனை எங்கே இருந்தாலும் காலைச் சாப்பாட்டில் வந்து நிற்கிறது.

பழஞ்சோறு எங்களிடமும் உண்டு. அம்மா முதல்நாள் சோற்றோடு மிச்சக் கறிகளைப் போட்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்து, உருண்டை உருண்டையாகப் பிடித்து எங்கள் கையில் தருவா. குழையல் என்போம். சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் ஒரே சட்டியில் இருந்து வரும், அடுத்த உருண்டை யாருக்கு என்று பார்த்துக்கொண்டிருப்போம். இரவுப் புட்டு மிஞ்சினாலும் அப்படித்தான், கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் பழத்தைப் பிசைந்து புட்டோடு சாப்பிட்டால் வேறு கறியே தேவையில்லை. உங்கள் அம்மாவுக்குக் குழையல் செய்து கையில் கொடுத்துப் பாருங்கோ.

பீளமேடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. அம்மாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். மேலூர்க்காரர் வெங்காயத்தைக் குத்திப் போடச் சொன்னது சரி என்றார்கள், கூடவே கம்மங்கூழை ஏன் யாரும் சொல்லவில்லை என்று ஒரே கேள்வி. சனிக்கிழமை ராத்திரிக்குப் புழுங்கலரிசி வடிக்கிறேன். சிக்கரி இருப்பதில் 100 கிராம், இல்லாததில் 100 கிராம் வாங்கி அம்மாவிடமே கொடுத்துக் கேட்டுவிடுகிறேன், அவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வீட்டில் ஃபில்டர் இல்லை, புதிதாக வாங்க வேண்டும். விருந்தாளி வந்தாலும் ஆகட்டும் என்று ஆறு பேர் அளவில் வாங்கலாமா? பித்தளையா, எவர்சில்வரா?

ஆடுதுறை:

இரண்டு பேர் அளவே வாங்குங்கள். பெரிய ஃபில்டரில் மூன்று கரண்டித் தூள் போட்டால் அது அடியில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும், தண்ணீர் அதில் நிற்காமல் ஓடிவிடும், டிகாஷன் வெளுத்துத்தான் இறங்கும். விருந்தாளி வந்தால் இரண்டு முறை போட்டுக்கொள்ளலாம். பித்தளை என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியதாகப் பார்த்து வாங்க வேண்டும், அது தேய்ந்தால் மறுபடி பூச ஆள் தேட வேண்டும். எவர்சில்வரே போதும். கடையில் மேல் பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஓட்டைகள் பொடியாகவும் ஒரே அளவாகவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.