ஓரியன் நெபுலாவைக் குடைந்தது காற்றா, ஒளியா?

மாறன்: பெருநிறை விண்மீனின் புறஊதா ஒளிதான் நெபுலாவை, அதாவது சுற்றியுள்ள வாயு மேகத்தை, விரிக்கிறது என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஓரியனுக்கு அது பொருந்தாது. அங்கே வேலை செய்வது நெபுலாவின் நடுவிலுள்ள பெருநிறை விண்மீன் தீட்டா 1 ஓரியானிஸ் சி-யின் காற்று, அதாவது அது வீசியெறியும் வாயு. வேகம் நொடிக்குச் சுமார் 2,500 கி.மீ. சோஃபியா விமானத் தொலைநோக்கி 158 மைக்ரான் அகச்சிவப்பு அலைநீளத்தில் அயனிக் கார்பனை (எலக்ட்ரான் இழந்த கார்பனை) அளந்தது. 2019-ல் வந்த முடிவு: காற்றுக் குமிழியைச் சுற்றி, குறைந்தது 1,500 சூரிய நிறையுள்ள வாயு ஓடு, நொடிக்கு 13 கி.மீ. வேகத்தில் நம் பக்கமாக வீங்குகிறது.

எழில்: கணக்கு இடிக்கிறதே. அந்த விண்மீன் ஆண்டுக்கு இழப்பது சூரிய நிறையில் கோடியில் 4 பங்கு. குமிழியின் வயதான சுமார் 2 லட்சம் ஆண்டில் 0.08 சூரிய நிறை. 2,500-ஆல் பெருக்கினால் உந்தம் 200. ஓட்டுக்கோ 1,500 × 13 = 19,500. நூறு மடங்கு போதவில்லை. ஒளியால் அயனியான 10,000 கெல்வின் வாயுவில் ஒலிவேகமே நொடிக்கு 10 கி.மீ. சூட்டு வாயு ஏறக்குறைய அந்த வேகத்தில் தானே விரியும்போது காற்று எதற்கு?

மாறன்: நீங்கள் உந்தத்தைப் பார்க்கிறீர்கள், ஆற்றலைப் பாருங்கள். காற்று ஓட்டை நேராக முட்டித் தள்ளுவதில்லை. மோதி நின்று கொதிக்கிறது. குக்கர் நீராவி போல அந்தச் சூட்டு வாயுவின் அழுத்தம்தான் தள்ளுகிறது. உங்கள் எண்களையே போட்டால், காற்று கொடுத்த ஆற்றல் ஓட்டின் இயக்க ஆற்றலைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அயனி வாயுவிடம் அவ்வளவு ஆற்றல் கிடையாது.

எழில்: குக்கர் என்றால் மூடி இறுகியிருக்க வேண்டும். அந்த வேகத்தில் வந்த காற்று நின்றால் பல கோடி கெல்வின் வரணும். எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்வெளித் தொலைநோக்கி எக்ஸ் கதிரில் கண்டது சுமார் 20 லட்சம் கெல்வின். குளிர்வாயு கலந்து ஆறியிருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. அப்படியிருக்க, பாதி ஆற்றல் சிந்தாமல் ஓட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

கயல்: பக்கத்திலேயே ஒப்பிட ஆள் இருக்கிறது. அருகிலுள்ள நெபுலாக்களில் எம்43-க்கு ஒளி தருவது என்யூ ஓரியானிஸ் விண்மீன், என்ஜிசி 1977-க்கு 42 ஓரியானிஸ். இரண்டும் தீட்டா 1 சி-யை விடச் சூடு குறைந்த பி வகை, காற்று மிக மெலிவு. ஆனாலும் குமிழி உண்டு; விரியும் வேகம் முறையே நொடிக்கு 6 கி.மீ., 1.5 கி.மீ. அயனி வாயுவின் வெப்ப விரிவே அதற்குப் போதும்.

மாறன்: அங்கே ஒளி என்று ஒத்துக்கொள்கிறேன், கயல். அதனால்தான் 13 கி.மீ. ஓட்டுக்கு வேறு காரணம் தேவை. எழில், ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் எடுக்கும் ஹைட்ரஜன் ஆல்பா படத்தில் இந்த ஓட்டைத் தேட வேண்டாம். அதில் தெரிவது ஒளிரும் உள்தோல். ஓட்டின் நிறை நடுநிலை ஹைட்ரஜனில் இருக்கிறது. கார்பன் அயனியாக 11.3 எலக்ட்ரான் வோல்ட் போதும், ஹைட்ரஜனுக்கு 13.6 வேண்டும். ஆகவே ஹைட்ரஜன் நடுநிலையில் இருக்கும் இடத்திலும் கார்பன் அயனியாக இருக்கும். அதனால்தான் 158 மைக்ரானில் அது பிடிபட்டது.

எழில்: அளவீட்டில் எனக்குச் சண்டையில்லை. ஒழுகலுக்கு இன்னும் பதில் வரவில்லை.