சான்டா சரி, இந்த எல்ஃப் பொம்மையை என்ன செய்வது?

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளை வளர்ப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

டிசம்பர் வந்தாலே எனக்கும் கணவருக்கும் வாக்குவாதம். பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. சான்டா வரைக்கும் இருவருக்கும் சம்மதம்தான். பிரச்சினை அந்த எல்ஃப் பொம்மை, அதாவது சான்டாவின் குட்டி உதவியாளர் பொம்மை. 2005-ல் அமெரிக்காவில் ஒரு கதைப் புத்தகத்தோடு வந்தது; பகலில் பிள்ளைகளைக் கவனித்து, இரவில் சான்டாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வருமாம். பிள்ளைகள் தூங்கியதும் நாம்தான் இடம் மாற்றி வைக்க வேண்டும். கணவருக்கு அதில் கொள்ளை ஆசை. மேஜையில் மாவைக் கொட்டி, குட்டிக் காலடித் தடம் பதித்து, விடியும் முன்பே எழுந்து காத்திருப்பார்.

எனக்கு அந்த வேவு பார்க்கிற வேலைதான் பிடிக்கவில்லை. தங்கையிடம் கோபம் வந்தால் பெரியவன் உடனே பொம்மை இருக்கும் அலமாரியைத் திரும்பிப் பார்க்கிறான். பயந்துகொண்டு நல்ல பிள்ளையாக இருப்பதில் என்ன இருக்கிறது? "ஒரு மாதக் கூத்து, இதைப் போய்ப் பெரிதாக்குகிறாயே" என்கிறார் அவர்.

அப்புறம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுக்கென்று தனிப் பரிசுப் பெட்டி, குடும்பத்துக்கே ஒரே மாதிரி பைஜாமா என்று பட்டியல் வருடா வருடம் நீள்கிறது. டிசம்பர் 6, சான்டா கதைக்கே மூலமான புனித நிக்கோலஸின் நாளில் அந்தப் புனிதரின் கதையைச் சொல்லி, பிள்ளைகள் கையால் யாருக்காவது பரிசு கொடுக்க வைக்கலாம் என்றேன். அது பாடம் நடத்துவது மாதிரி இருக்கிறதாம்!

வேவு வேலையைக் கழற்றிவிட்டு, பொம்மையின் குறும்பை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? கதையை எப்படி மாற்றிச் சொன்னீர்கள்? "போன வருஷம் வேற மாதிரி சொன்னீங்களே" என்று பெரியவன் கேட்பான், அது நிச்சயம்.