புதுப்பிப்பு: முதல் வாரத்தில் வயிறு உப்பி இறந்த கோழிக்குஞ்சுகள் – காரணம் தெரிந்தது

கடலூர் அருகே நாங்கள் வளர்க்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் பொரித்த சில நாட்களிலேயே வயிறு உப்பி இறப்பதாகச் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மருந்தை மாற்றும் முன் இறந்த குஞ்சை அறுத்துப் பார்க்கச் சொன்ன யோசனையே பலன் தந்தது.

இறந்த குஞ்சுகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றேன். முதல் வாரத்துக்குள் உடலுக்குள் உறிஞ்சப்பட்டுச் சுருங்கியிருக்க வேண்டிய மஞ்சள்கருப் பை, ஆறாம் நாள் குஞ்சில் பச்சை கலந்த பழுப்பு நீருடன் நாற்றமெடுத்துக் கிடந்தது. ஒன்பது நாள் குஞ்சிலோ ஈரலின் மேல் பாலேடு போன்ற வெண்படலம் படிந்து, இதய உறையும் தடித்து மங்கியிருந்தது. வெள்ளைக் கழிச்சல் நோய் என்றே நான் நம்பியிருந்தேன். ஆய்வில் வந்தது ஈ.கோலை என்ற பாக்டீரியா கிருமி.

எதிர்பாராதது என்னவென்றால், தவறு என்னுடையதே. எச்சம் ஒட்டிய முட்டைகளை ஈரத்துணியால் துடைத்து அடைக்கு வைத்ததில், ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே போயிருக்கிறது. இங்கே ஒருவர் பரிந்துரைத்த கொலிஸ்டின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து, உணவுக்கான கால்நடைகளுக்கு இந்தியாவில் 2019 முதல் தடைசெய்யப்பட்டது என்று மருத்துவர் மறுத்துவிட்டு, ஆய்வில் கிருமியைக் கட்டுப்படுத்திய வேறொரு மருந்தைத் தந்தார். ஏற்கெனவே வாடியிருந்தவை பிழைக்கவில்லை. துடைக்காமல், சுத்தமான முட்டைகளை மட்டும் வைத்த அடுத்த ஈட்டில் 40 குஞ்சுகளில் ஒன்றுதான் இறந்தது.